வேட்டை யாருடையது? – இலக்கியத்தில் வேட்டைநாய் பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கோயில்கள் பலவற்றில் மகோற்சவ காலத்திலே வேட்டைத் திருவிழா என ஒன்று இடம்பெறுவது வழக்கம். அன்று சுவாமி குதிரை வாகனத்தில் எழுந்தருளி வேட்டைக்குப் புறப்படுவார். இணுவில், மருதனார்மடம், உடுவில், சுன்னாகம் முதலிய செம்மண் ஊர்களைச் சுற்றிப் பார்ப்பவர்க்கு இவ்விழா சற்று வியப்பளிக்கக்கூடும். இப்பகுதியில் வேட்டைக்குரிய காடு எதுவும் இல்லை. புகையிலையும் வெங்காயமும் மரக்கறியும் விளையும் தோட்டங்களும், அவ்விளைவு வந்து குவியும் மருதனார்மடச் சந்தையுமே உண்டு. இங்கு நாய் என்பது படலையடியிற் கிடந்து வளவைக் காக்கும் பிராணி. வேட்டைக்குச் செல்லும் பிராணியன்று. ஆயினும் வேட்டை எமது சடங்கிலே நிலைத்துவிட்டது.

சடங்கில் நிலைத்த இவ்வேட்டை எமது இலக்கிய விமர்சனத்திலே போதிய கவனத்தைப் பெறவில்லை. வேட்டை இடம்பெறும் பாடல்களையும் கதைகளையும் நாம் பெரும்பாலும் இரண்டு தலைப்புக்களுள் அடக்கிவிடுகின்றோம்: ஒன்று இயற்கை வருணனை, மற்றையது வீரம். இவ்விரண்டும் வேட்டையின் புறத்தோற்றத்தை மட்டுமே தொடுவன. காடு யாருக்குச் சொந்தம், அதனுள் நுழைய உரிமையுடையவர் யார், கொல்லப்பட்டதை உண்பவர் யார் என்னும் வினாக்கள் எழும்போதே வேட்டை ஒரு சமூக உறவாக எமக்குப் புலப்படும். இவ்வினாக்களுக்கு ஒரு படைப்பாளி அளிக்கும் விடையை அறிவதற்கு நம்பத்தக்க உரைகல் ஒன்றுண்டு. அது வேட்டைநாய். நாயை அவன் எவ்வாறு காண்கின்றான் என்பதைக் கொண்டு, வேட்டையை உழைப்பாகக் கண்டானா அன்றிப் பொழுதுபோக்காகக் கண்டானா என்பதைத் துணியலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1

சங்க இலக்கியத்திலிருந்து தொடங்குவது பொருத்தமானது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வாழ்க்கை விரிவாகச் சித்திரிக்கப்படுகின்றது. வறண்ட நிலம், பெண்கள் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி தேடுகின்றனர். ஆண்கள் நாய்களுடன் புதர்களை அடித்துக் கலைத்து, வேலிபோல வலைகளைத் தொடுத்துக் கட்டி, முயல் தப்பியோட வழியில்லாதவாறு வளைக்கின்றனர். சற்று அப்பால், எயினரின் அரணை அடையும் பாணனுக்கு விருந்தாகக் கிடைப்பது நாய் தந்த உடும்பு. பிடித்தவன் மனிதன் எனப் புலவர் கூறவில்லை. நாய் தந்தது என்றே கூறுகின்றார். பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாமிலும் மலைநாட்டு மக்கள் கூத்தர்க்கு அளிக்கும் உணவிலே பெண்நாய் துரத்திப் பெற்ற இறைச்சி இடம்பெறுகின்றது. இப்பாடல்களில் நாய் வீட்டின் உழைப்பாளிகளுள் ஒன்று. அதன் உழைப்பின் பயன் அடுப்பிலே தெரிகின்றது.

ஆற்றுப்படை நூல்கள் புரவலனின் நாட்டு வளத்தைப் புகழ எழுந்தவை என்பதை மறந்துவிடலாகாது. உருத்திரங்கண்ணனாரின் நோக்கம் தொண்டைமான் இளந்திரையனின் ஆட்சியைச் சிறப்பித்தலேயன்றி எயினரின் வறுமையை எடுத்துரைத்தலன்று. ஆயினும், புல்லரிசியையும் வலையையும் நாயையும் ஒருங்கே காட்டியதனால், அவர் கருதாமலே அங்கு ஒரு வாழ்க்கைமுறையின் உண்மை பதிவாகிவிட்டது.

இதற்கு மாறான வேட்டை ஒன்றையும் அதே காலத்து இலக்கியத்திற் காண்கின்றோம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலே தலைவன் நாய்களுடன் வருகின்றான். தினைப்புனத்திலிருந்த தலைவியையும் தோழியையும் அந்நாய்கள் வளைத்துக்கொள்ள, அவர்கள் அஞ்சி எழுகின்றனர். தலைவன் அணுகி, தான் துரத்திவந்த விலங்கு இவ்வழி வந்ததோ என வினவுகின்றான். அகமரபில் இது கெடுதி வினாதல் எனப்படும். அவ்விலங்கு பின்னர் என்னவாயிற்று என்பதில் எவருக்கும் அக்கறையில்லை. சந்திப்புக்கு ஏற்ற சூழலை உண்டாக்குவதே நாய்களின் பணி. கபிலரின் கலைத்திறனை இது எவ்வகையிலும் குறைக்காது. எனினும் எயினரின் நாய் உணவைத் தேடுகின்றது. தலைவனின் நாய் அவனுடைய நிலையை அறிவிக்கின்றது. வேட்டையின் இருமுகங்களும் இவ்வாறு ஒரே இலக்கியத் தொகுதிக்குள் அருகருகே நிற்பதைத் திணைப் பாகுபாட்டின் அடிப்படையில் மட்டும் நோக்குவோர் எளிதிற் காணமாட்டார்.

12 ஆம் நூற்றாண்டுக்குரிய பெரியபுராணத்திலே மற்றொரு மாற்றம் நிகழ்கின்றது. உடுப்பூர் வேடர் தலைவன் நாகனின் மகன் திண்ணன் முதல்வேட்டைக்குப் புறப்படும் பகுதியைச் சேக்கிழார் வலைகளும் நாய்களும் ஆரவாரமுமாக விரித்துரைக்கின்றார். ஆனால், பன்றியைத் தொடர்ந்து நாணனும் காடனும் உடன்வரத் திண்ணன் காளத்தியை நெருங்கியதும் கூட்டமும் நாய்களும் பின்தங்கிவிடுகின்றன. அதன் பின்னர் அவன் வேட்டையாடிய இறைச்சி இறைவனுக்குரிய படையலாகின்றது. வேட்டைத் தொழில் பக்திக்கு ஏணியாகிப் பின்னர் தேவையற்றுப் போகின்றது. பக்திப் பாடல்களிலே அடியவன் தன்னை நாயேன் எனத் தாழ்த்திக்கொள்வதையும் இதனோடு சேர்த்து நோக்குதல் தகும். எயினர் குடியிற் பங்காளியாக நின்ற நாய், இங்கே இழிவின் குறியீடாக மாறுகின்றது.

புலால் மறுத்தலை ஒழுக்கமாகக் கொண்ட யாழ்ப்பாணச் சைவ மரபு, கோயில்களிலே புராணபடனம் கேட்டுக் கண்ணப்பரை உருகி வணங்கியது. வேடரின் தொழிலை மட்டும் தன் கவனத்துக்குப் புறத்தே நிறுத்தியது. வேட்டைத் திருவிழா எமக்கு உவப்பாகவும் வேட்டைக்காரன் வாழ்க்கை அந்நியமாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம் எனலாம்.

2

வேட்டைநாய் வாயிலாகச் சமூகத்தை அறிவதற்கு இங்கிலாந்தின் வரலாறு தெளிவான சான்றுகளைத் தருகின்றது. அங்கே அரச வனங்களின் எல்லைக்குள் வாழ்ந்த எளியோர் வளர்த்த நாய்களின் முன்னங்காலில் மூன்று நகங்களை வெட்டிவிடும் வழக்கம் இருந்தது. நாய் மன்னனின் மானைத் துரத்தக்கூடாது என்பதே காரணம். 1217 ஆம் ஆண்டின் வனப் பட்டயம் இவ்வழக்கத்தை நீக்கவில்லை, ஒழுங்குபடுத்தியது. 1671 ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபடி மேற்சென்று, ஆண்டுக்கு 100 பவுண் வருமானம் தரும் சொந்த நிலம் முதலிய தகுதிகள் இல்லாதோர் வேட்டையாடுவதையும் வேட்டைநாய் வைத்திருப்பதையும் தடைசெய்தது. இச்சொத்துத் தகுதி 1831 வரை நீடித்தது. பின்னாளிலே கிராமிய இங்கிலாந்தின் அழகிய அடையாளமாகப் போற்றப்பட்ட நரிவேட்டையும் செந்நிற மேலங்கியும் நாய்க்கூட்டமும் இத்தகைய வரலாற்றின் மீது எழுந்தவையே.

இவ்வேட்டை மரபு எமது தீவுக்கும் வந்தது. 1848 இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், இங்கிலாந்திலிருந்து நாய்க்கூட்டத்தையும் கொண்டுவந்து, மலைநாட்டுக் காடுகளில் மரைகளை வேட்டையாடினார். 1850 களின் முற்பகுதியில் வெளிவந்த ‘த றைஃபிள் அன்ட் த ஹவுண்ட் இன் சிலோன்’ என்ற அவரது நூல் அவ்வேட்டைகளின் விவரணம். நாய் ஓடும் விதம், மரை நீரோடையிற் புகுந்து எதிர்த்து நிற்கும் தருணம், மலைக்காட்டின் குளிர் ஆகியவற்றை அவர் நுணுக்கமாக எழுதுகின்றார். அவருடைய நாய்கள் ஒவ்வொன்றுக்கும் பெயரும் குணமும் உண்டு. கில்பக், ஸ்மட் முதலியன வாசகர் மனத்தில் நிற்கும் பாத்திரங்கள். அவற்றின் மரணத்தை அவர் உண்மையான துயரத்துடன் பதிவு செய்கின்றார். இவ்வன்பை ஐயுறுவதற்கு இடமில்லை.

ஆயினும், நாய்களுக்கு இத்துணைத் தனித்துவம் வழங்கிய அதே பேனை, வழிகாட்டிச் சென்ற, சுமை சுமந்த இந்நாட்டு மக்களைப் பெரும்பாலும் பெயரற்ற கூட்டமாகவே விட்டுவிடுகின்றது. இது தனியொருவரின் குறையன்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியன எனக் கொள்ள வழிவகுத்துச் சில ஆண்டுகளே கழிந்திருந்தன. கிராமத்தவன் சேனைக்காக வெட்டிய காடு ஆக்கிரமிப்பாகவும், துரை நாயுடன் புகுந்த காடு விளையாட்டிடமாகவும் கருதப்பட்ட காலம் அது. அந்நூலின் களிப்பை இப்பின்னணியிலிருந்து பிரித்துப் படிப்பது அரைகுறைப் படிப்பேயாகும்.

ஆங்கிலேயர் அனைவரும் பேக்கரின் பார்வையையே கொண்டிருந்தனர் எனவும் கூறுவதற்கில்லை. லெனாட் வூல்ஃப் 1904 ஆம் ஆண்டின் இறுதியில் வோல்டேயரின் நூற்றொகுதிகளுடனும் சார்ள்ஸ் என்ற தமது நாயுடனும் இலங்கையை அடைந்து, 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்தார். பின்னர் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது பெற்ற அனுபவமே ‘த வில்லேஜ் இன் த ஜங்கிள்’ என்ற நாவலாகியது. மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி தோன்றிய அதே 1913 இல் இந்நாவல் வெளிவந்தது. அதன் நாயகன் சிலிந்து ஒரு வேட்டைக்காரன். அவனுக்குக் குதிரையுமில்லை, நாய்க்கூட்டமுமில்லை. பழைய துவக்கொன்றும், நீர்நிலையருகே இரவு முழுதும் காத்திருக்கும் பொறுமையுமே உண்டு. சேனை அனுமதியைத் தன் கையிற் கொண்ட கிராமத் தலைவனும் கடன்கொடுப்பவனும் அவனைப் படிப்படியாக நெருக்குகின்றனர். இறுதியில், விலங்குகளைச் சுட்ட துவக்கு அவ்விருவரையும் நோக்கித் திரும்புகின்றது. வேட்டைக்காரனே வேட்டையாடப்படுகின்றான் என்னும் உண்மையை, ஆட்சியாளராக இருந்த ஒருவரே உணர்ந்து எழுதியமை குறிப்பிடத்தக்கது.

3

இப்பின்னணியில் ஈழத்துத் தமிழ் நாவலாகிய ‘நிலக்கிளி’யை நோக்குவோம். அ. பாலமனோகரன் எழுதிய இந்நாவல் 1973 இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. வன்னியில் தண்ணிமுறிப்பு என்னும் காட்டோரக் கிராமமே களம். கதிராமன் காட்டின் நடுவே வளர்ந்தவன். வேட்டை அவனுக்கு நாளாந்த வாழ்வின் ஒரு பகுதி. பதஞ்சலியை விரும்பி, தந்தை கோணாமலையரின் வீட்டையும் வசதிகளையும் துறந்து வெளியேறும் அவன், காட்டை வெட்டித் தனக்கென ஒரு வாழ்வை அமைக்கின்றான். தந்தையின் சொத்தின்றி வாழத் துணியும் துணிவை அவனுக்கு அளிப்பது அவன் கற்ற காட்டுத் தொழிலே. வேட்டை இங்கு சாகசமன்று. சுதந்திரமான சீவியத்துக்கான கைமுதல். இவ்விடத்தில் பாலமனோகரன் தம்மையறியாமலே உருத்திரங்கண்ணனாரின் எயினருக்கு அண்மையில் வந்து நிற்கின்றார் எனலாம். தோட்டமும் உத்தியோகமும் பெரிதெனக் கருதிய குடாநாட்டு வாசகனுக்கு, நாவல் திறந்துகாட்டியது முற்றிலும் வேறொரு தமிழ் வாழ்க்கை.

நாவலின் எல்லையையும் சொல்லவேண்டும். வெளியிலிருந்து வரும் ஆசிரியர் சுந்தரலிங்கத்தின் வருகைக்குப் பின்னர் கதையின் அக்கறை மூவரின் மனப்போராட்டத்திலும் ஒழுக்கச் சிக்கலிலும் குவிகின்றது. காடு யாருக்குரியது, அனுமதி வழங்குபவர் யார் என வூல்ஃப் எழுப்பிய வினா இங்கு முனைப்புப் பெறவில்லை. கதிராமனின் உழைப்பை நாம் காண்கின்றோம். அவ்வுழைப்பின் மீது கவிந்த அதிகாரத்தை அத்துணை தெளிவாகக் காணவில்லை. 1984 இன் இறுதியில் தண்ணிமுறிப்பு உட்பட அப்பிரதேசத் தமிழ் மக்கள் இடம்பெயர நேர்ந்ததை அறிந்த இன்றைய வாசகனுக்கு, நாவல் விட்ட இவ்விடைவெளி மேலும் பெரிதாகத் தோன்றும். அதேவேளை, அக்கிராமத்தின் பழைய வாழ்வை அறியப் புகுவோர்க்கு இந்நாவலே முதன்மையான ஆவணங்களுள் ஒன்றாகவும் ஆகிவிட்டது.

வேட்டையை உழைப்பாக நோக்குதல் வேட்டையை ஆதரித்தலாகாது என்பதையும் வலியுறுத்த விரும்புகின்றேன். 1937 இன் வனசீவராசிகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் அவசியமானவை. எயினர் விருந்திலே இடம்பெற்ற உடும்பு இன்று எமது நாட்டில் சட்டத்தாற் காக்கப்படும் உயிரினம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களைக் கொண்டு காட்டுப் பாலூட்டிகளை வேட்டையாடுதல் 2004 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பெரும்பாலும் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன், 2002 செப்டெம்பரில் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் இலண்டனிலே திரண்டு, தமது கிராமிய வாழ்வு பறிபோவதாக முறையிட்டனர். அவ்வூர்வலத்திற் பிரபுக்கள் மட்டுமன்றி, நாய்ப் பராமரிப்பாலும் குதிரைத் தொழிலாலும் சீவித்தோரும் நடந்தனர். கிராமிய வாழ்வு என்ற ஒரே சொல்லின் கீழ் எத்தனை வேறுபட்ட நலன்கள் ஒளிந்திருக்கின்றன என்பதற்கு இது நல்ல உதாரணம். அவற்றைப் பிரித்துக் காட்டுவதே விமர்சகனின் கடமை.

எமது மாணவர் இத்துறையில் ஆற்றவேண்டிய பணி ஒன்று எஞ்சியுள்ளது. இடியன் துவக்கு, கட்டுத்துவக்கு முதலிய சொற்களும், நாயைப் பழக்கும் முறைகளும், தடம் பார்க்கும் அறிவும், கிடைத்ததைப் பங்கிடும் வழக்கங்களும் வன்னியின் முதியோர் நினைவில் இன்னும் வாழ்கின்றன. அவற்றைச் சேகரித்துச் சங்கப் பாடல்களுடனும் எமது நாவல்களுடனும் ஒப்பிட்டு ஆராய்வோமாயின், இலக்கியத்திலே இதுவரை வருணனை எனக் கடந்துசென்ற பகுதிகள் பல உழைக்கும் மக்களின் வரலாறாக எமக்குப் புலப்படும். முதியோர் ஒருவர்பின் ஒருவராய் மறைந்துவரும் இந்நாளில், அப்பணியைப் பிற்போடுவதற்கில்லை.