வீட்டுக்கு வந்த ஆழ்கடல்: 'த அபிஸ்' பற்றிய பார்வையாளர் கருத்துகள் - ஒரு மதிப்பீடு

திரைப்படமொன்று அரங்கை விட்டு இல்லத்தினுட் புகும்போது அதன் சமூக இருப்பு மாற்றமுறுகின்றது. அரங்கில் அது பலர் ஒருங்கே கூடிக் காணும் நிகழ்வு. இல்லத்தில் அது தனியொருவர் விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பண்டம். இம்மாற்றம் பார்வையாளரின் கருத்துகளையும் பாதிக்கின்றது. நிகழ்வைப் பற்றிப் பேசுபவர் அதன் பொருளை வினாவுகின்றார். பண்டத்தைப் பற்றிப் பேசுபவர் அதன் தரத்தை வினாவுகின்றார். ஜேம்ஸ் கமறூனின் நெறியாள்கையில் 1989 ஆகஸ்டில் வெளிவந்த 'த அபிஸ்' என்னும் ஆழ்கடல் விஞ்ஞானப் புனைவுப் படம் இவ்விரு நிலைகளும் மோதிக்கொள்ளும் களமாக விளங்குகின்றது.

அணுவாயுதங்களைத் தாங்கிய அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலொன்று ஆழ்கடலில் மூழ்குகின்றது. கடலடியில் எண்ணெய் அகழும் தொழிலாளரது நிலையத்தைக் கடற்படையினர் மீட்புப் பணிக்கெனத் தம் வசப்படுத்துகின்றனர். அங்கே மனிதரல்லாத அறிவுயிர்கள் எதிர்ப்படுகின்றன. படைத் தளபதி அவற்றைப் பகையாகக் காண்கின்றான். தொழிலாளரோ வியப்புடன் நோக்குகின்றனர். தென் கரோலினாவில் கட்டி முடிக்கப்படாது கைவிடப்பட்ட அணுமின் நிலையமொன்றின் கொள்கலத்தில் ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம் லீற்றர் நீரை நிரப்பியே இப்படம் பிடிக்கப்பட்டது. அணுவுலைக்கென எழுப்பப்பட்ட சுவர்களுக்குள் அணுப்போரின் அபாயம் பற்றிய கதை உருவானமை கவனத்திற்குரியது.

படத்தின் இல்லப் பதிப்புகளின் வரலாறு நீண்டது. 1989 இல் அரங்குகளில் ஓடிய வடிவம் ஏறத்தாழ 140 நிமிடங்களைக் கொண்டது. 1993 இல் லேசர் தட்டாக வெளிவந்த சிறப்புப் பதிப்பு 171 நிமிடங்களுக்கு விரிந்தது. 2000 ஆம் ஆண்டின் இறுவட்டில் இரு வடிவங்களும் இடம்பெற்றன. எனினும் அகன்ற தொலைக்காட்சித் திரைகளில் அவ்விறுவட்டின் காட்சி நாற்புறமும் கருமை சூழச் சிறுத்தே தோன்றியது. அதன் பின் இரு தசாப்தங்களுக்கு மேலாகச் செம்மையான பதிப்பெதுவும் வெளிவரவில்லை. 2023 டிசம்பரில் எண்ணிமப் பதிப்பும் 2024 மார்ச்சில் 4கே இறுவட்டும் வெளிவந்தபோது நீண்டகால எதிர்பார்ப்பே கருத்துகளின் முதல் ஊற்றாக அமைந்ததில் வியப்பில்லை.

அக்கருத்துகளுட் பெரும் பகுதி காட்சித் தரம் பற்றியது. படச்சுருளின் இரசாயனப் படலத்தில் ஒளி பட்டுத் தோன்றும் நுண்மணிகள் கணனி கொண்டு அகற்றப்பட்டன, மாந்தர் முகங்கள் மெழுகுப் பொம்மைகள் போல் ஆயின என ஒரு சாரார் குறை கூறினர். நீரின் தெளிவும் ஆழத்தின் இருளும் முன்னொருபோதும் இவ்வாறு புலப்படவில்லை என மறுசாரார் மகிழ்ந்தனர். இதே வேளையில் வெளியான கமறூனின் 'ட்ரூ லைஸ்' எதிர்கொண்ட கடுங் கண்டனத்தை நோக்க, 'த அபிஸ்' ஒப்பீட்டளவில் ஏற்கப்பட்டது என்றே கூறுதல் வேண்டும்.

இவ்விவாதத்தை நுகர்வோரின் வீண் சச்சரவெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. நுண்மணி என்பது ஊழலன்று. அது உழைப்பின் சுவடு. குறிப்பிட்ட ஒளியில், குறிப்பிட்ட நீரில், குறிப்பிட்ட மனிதர் உழைத்ததன் பௌதிகச் சான்று அது. நீரின் மேற்பரப்பைக் கரும் விரிப்பாலும் பிளாஸ்ரிக் மணிகளாலும் மூடி, செயற்கை இரவை உண்டாக்கி, நீருக்கடியில் நீண்ட நேரம் பணியாற்றியோரின் உழைப்பே ஒவ்வொரு சட்டகத்திலும் உறைந்துள்ளது. அதனை மெருகூட்டி மறைக்கும் தொழில்நுட்பம், பண்டம் தன்னைத் தோற்றுவித்த கரங்களை மறைக்கும் பொது இயல்பையே பின்பற்றுகின்றது. மெழுகு முகத்தைக் கண்டு எரிச்சலுறும் பார்வையாளர், இக்கலைச்சொற்களை அறியாவிடினும், இவ்வுண்மையைக் கண்ணால் உணர்ந்தவரே.

எனினும் இதனிலும் முக்கியமான வினா பிறிதொன்று: எந்த வடிவம் படத்தின் உண்மையான வடிவம்? 1989 ஆம் ஆண்டு வடிவத்தில் அறிவுயிர்கள் நாயகனைக் காத்து நிலையத்தை மேற்பரப்புக்கு உயர்த்துகின்றன. அவை ஏன் வந்தன என்பதற்கு விடையில்லை. சிறப்புப் பதிப்பிலோ அவை மலையொத்த பேரலைகளை உலகக் கரைகளெங்கும் எழுப்பி, மக்கள் மீது விழுமுன் நிறுத்திவிடுகின்றன. மனிதகுலத்தின் போர் வெறியைத் தொலைக்காட்சிப் படிமங்களாக நாயகனுக்குக் காட்டி, அதுவே தம் எச்சரிக்கையின் காரணமென உணர்த்துகின்றன. நீளம் கருதி அரங்கப் பதிப்பில் இப்பகுதி நீக்கப்பட்டபோது வெட்டுண்டது வெறும் காட்சியன்று. படத்தின் அரசியல் வெட்டுண்டது.

கால ஒழுங்கு இங்கு நகைமுரணானது. வல்லரசுகளின் பகைமை இன்னும் நிலவிய 1989 இல் அவ்வெச்சரிக்கை திரையில் இல்லை. சோவியத் ஒன்றியம் 1991 இல் கலைந்து அச்சம் தணிந்த பின்னரே அது முழுமையாக வெளிவந்தது. ஐக்கிய அமெரிக்காவுடனான அணுவாயுதக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் தன் பங்கேற்பை ரஷ்யா 2023 பெப்ரவரியில் இடைநிறுத்தியது. அவ்வாண்டின் இறுதியிலேயே படமும் திரும்பி வந்தது. ஆயினும் நீண்ட வடிவத்தை 'மிகை போதனை' எனவும் குறுகிய வடிவத்தை 'விறுவிறுப்பு' எனவும் பிரித்தறியும் கருத்துகள் இன்றும் ஒலிக்கின்றன. போதனை கசக்கின்றது என்போர், எது போதிக்கப்படுகின்றது என்பதையும் உடன் வினவுதல் தகும்.

அதற்காக நீண்ட வடிவத்தைக் குறையற்றதெனக் கொள்ளவும் இயலாது. போரை நிறுத்துவோர் வானவரனைய அந்நியரே. மக்கள் அலையைக் கண்டு நடுங்கும் கூட்டமாகவே நிற்கின்றனர். மனிதகுலம் மன்னிக்கப்படுவதற்குத் தனியொருவன் தன் மனைவி மீது கொண்ட அன்பே காரணமாகின்றது. படத்தின் நடுப்பகுதியில் ஒருவரையொருவர் காத்து நின்ற தொழிலாளரின் கூட்டொற்றுமை இவ்விறுதியில் இடம்பெறாது போகின்றது. படம் தானே வளர்த்த தீர்வைத் தானே கைவிடுகின்றது எனலாம்.

படத்தின் மனிதநேயத்தை உரைத்துப் பார்க்கும் மற்றொரு காட்சியும் உண்டு. ஒட்சிசன் நிறைந்த திரவத்தைச் சுவாசிக்கும் முறை, 1966 இல் கிளார்க், கொலன் ஆகியோர் எலிகளைக் கொண்டு நடத்திய ஆய்வில் நிறுவப்பட்டதொன்று. படத்தில் நடிகர் எட் ஹரிஸ் மூச்சை அடக்கியே அதனை நடித்தார். எலியோ உண்மையாகவே திரவத்துள் அமிழ்த்தப்பட்டது. பிரித்தானியத் தணிக்கைச் சபை 1989 இலேயே அப்பகுதியை நீக்கச் செய்தது. பிற உயிர்களுடன் அமைதியை வேண்டும் படமொன்று, தன் குரலற்ற உயிரை நடத்திய முறை பற்றி வினாவெழுப்பும் பார்வையாளரைக் கலைக்கு எதிரானவராகக் கருதுவது தவறு.

தொகுத்து நோக்குமிடத்து, இரு தசாப்தங்களுக்கு மேலாக இப்படம் செம்மையாகக் கிட்டாமைக்குப் பார்வையாளரின் ஆர்வமின்மை காரணமன்று. எப்போது, எவ்வடிவில் வெளியிடுவதென்பதைத் தீர்மானிக்கும் உரிமை அதனை ஆக்கியோரிடமும் உடைமையாளரிடமுமே தங்கியிருந்தது. பொதுப் பண்பாட்டுச் சொத்தொன்றின் வாழ்வு தனியார் முடிவிலேயே தங்கியிருக்கின்றது என்பதே அடிப்படைப் பிரச்சினை. மெருகூட்டப்பட்ட பதிப்பை விரும்புவோர் அதனைப் பெறட்டும். ஆனால் அரங்கில் ஓடிய வடிவமும் விரிந்த வடிவமும் அவற்றின் நுண்மணிகளோடு பேணப்பட்டு யாவருக்கும் கிடைத்தல் வேண்டும். பார்வையாளர் தரத்தைக் கேட்பதோடு அமையாது இவ்வுரிமையையும் கேட்கும்போதுதான், வாங்குவோர் என்ற நிலையிலிருந்து விமர்சகர் என்ற நிலைக்கு உயர்கின்றனர்.