நெய்தலும் இறால் குட்டையும்: திணைவழிச் சூழலியல் வாசிப்பின் எல்லைகள்

முன்னுரை

ஜொகூர் மாநிலத்தின் தங்காக் வட்டாரத்தில் ஐந்திணைப் பாகுபாட்டைக் கற்பிக்கும் ஆசிரியருக்குக் குறிஞ்சியை விளக்குவது எளிது. லேடாங் மலை கண்ணெதிரே நிற்கின்றது. நெய்தலுக்கு மூவார்க் கடற்கரையைச் சுட்டலாம். ஆனால், தோட்டப்புறத்துத் திலாப்பியா குட்டை எந்தத் திணைக்குரியது என்று மாணவர் வினவினால், உரையாசிரியர்கள் எவரும் நமக்குத் துணைவருவதில்லை. இவ்வினா விளையாட்டானதன்று. உலக உணவு வேளாண்மை அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் நீர்வாழ் விலங்குகளின் மொத்த உற்பத்தியில் 51 விழுக்காடு வளர்ப்பின்வழிக் கிடைத்தது. பிடிக்கப்படும் மீனை வளர்க்கப்படும் மீன் விஞ்சியது அதுவே முதன்முறை. நாம் உண்ணும் மீனில் பெரும்பங்கு இன்று கடலிலிருந்தன்றிக் குட்டையிலிருந்தும் கூண்டிலிருந்தும் வருகின்றது. இம்மாற்றத்தை மதிப்பிடத் திணைக் கோட்பாடு எந்த அளவிற்குப் பயன்படும் என்பதை நாகப்பட்டினக் கடற்கரை இறால் பண்ணைச் சிக்கலை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கின்றது.

திணைவழி வாசிப்பும் அதன் வலிமையும்

நிர்மல் செல்வமணி முதலியோர் திணையைச் சூழலியல் திறனாய்வுக்குரிய கோட்பாடாக வளர்த்தெடுத்தனர். நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவு, விலங்கு, மரம், புள், தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் அகவொழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றையும் பிரிக்காது நோக்கும் பார்வை தமிழுக்குரிய பெருஞ்செல்வம் என்பதில் ஐயமில்லை.

இப்பார்வையில் இறால் பண்ணையை நோக்குவோர் பெரும்பாலும் சிலப்பதிகாரத்தின் பாலை விளக்கத்தை நாடுவர். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என இளங்கோவடிகள் கூறுவதைப் போல, மருதமும் நெய்தலும் உப்பேறிப் பாலையாயின என்பது அவர்தம் வாதம். 1990-களின் தொடக்கத்தில் நாகை வட்டாரத்து நெல்வயல்களை ஒட்டிப் புலி இறால் குட்டைகள் வெட்டப்பட்டன. கடல்நீர் உள்ளே இறைக்கப்பட்டது. கழிவுநீர் வாய்க்கால்களில் விடப்பட்டது. குடிநீர்க் கிணறுகளும் அண்டை வயல்களும் உவர்ப்பேறின. பாலை என்ற உருவகம் இதற்குப் பொருந்துவதாகவே தோன்றும்.

உருவகம் மறைப்பவை

எனினும், இவ்வொப்புமையில் இரு குறைகள் உள. முதலாவது, சிலப்பதிகாரப் பாலை வெயிலால் விளைவது. மழை பெய்தால் நிலம் தன் இயல்பிற்குத் திரும்பக்கூடும். குட்டையின் உவர்ப்போ முதலீட்டால் விளைந்தது. நிலத்தை வாங்கியவர் ஒருவர், கழிவைத் திறந்துவிட்டவர் ஒருவர் என வினைமுதல் உண்டு. ‘நிலம் பாலையாயிற்று’ என்ற தொடரில் அவ்வினைமுதல் காணாமற் போகின்றது.

இரண்டாவது, இவ்வாசிப்பு பண்ணைக்கு முற்பட்ட மருதத்தை இசைவு மிக்க நிலமாக எண்ணிக்கொள்கின்றது. அவ்வட்டாரம் அன்றைய கீழைத் தஞ்சை. 1968 டிசம்பர் 25 அன்று 44 உயிர்கள் எரியுண்ட கீழவெண்மணி அங்குள்ளது. அந்நிகழ்வைத் தழுவி இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ காட்டும் மருதத்தில் இசைவு இல்லை. வெண்மணிக்குப் பின் அங்குச் சென்று, நிலமற்றோர்க்கு நிலம் பெற்றுத்தரப் பாடுபட்ட கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையரே பின்னர் இறால் பண்ணைகளை எதிர்த்து நின்றனர். அவர்களுக்கு இது நில உரிமைப் போராட்டத்தின் தொடர்ச்சி. வயல் குட்டையானால் நடவும் களையெடுப்பும் அறுவடையும் இல்லை. நிலமற்ற பெண்களின் கூலி முதலில் மறைகின்றது. கருப்பொருட் பட்டியலில் தொழில் உண்டு, உடைமை இல்லை. திணைவழி வாசிப்பின் எல்லை இதுவே எனலாம்.

தீர்ப்பு என்னும் பனுவல்

ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று வழங்கிய தீர்ப்பினை ஒரு பனுவலாக வாசிப்பது இவ்விடத்துப் பயன்தரும். கரையோர ஒழுங்குமுறை மண்டலத்தில் அமைந்த பண்ணைகளை அகற்றுமாறு அது ஆணையிட்டது. விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஊர்ப் பொதுநிலம் ஆகியவற்றைக் குட்டையாக மாற்றுவதைத் தடுத்தது. மாசு செய்தவரே இழப்பீடு தரவேண்டும் என்றது. வேலையிழக்கும் பண்ணைத் தொழிலாளர்க்கு ஆறாண்டு ஊதியத்தைக் கூடுதல் இழப்பீடாக வழங்கப் பணித்தது. உருவகம் மறைத்த உடைமையாளரும் உழைப்பாளரும் இங்கு வெளிப்படுகின்றனர். மேலும், மரபுவழி வளர்ப்புக்கும் திருந்திய மரபுவழி வளர்ப்புக்கும் அது விலக்களித்தது. வளர்ப்பு தன்னளவில் குற்றமன்று, வளர்க்கும் முறையே வழக்கிற்குரியது என்பது இதனால் தெளிவு.

ஆயினும், தீர்ப்பு நிலைபெறவில்லை. 2005-ஆம் ஆண்டின் கரையோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் அத்தடையைப் பின்னோக்கிய விளைவுடன் தளர்த்தியது. 2009-க்குப் பின் புலி இறாலின் இடத்தை வெளிநாட்டு வெனாமி இறால் பிடித்தது. வினைமுதலைக் காட்டும் பனுவலும் அதிகாரத்தின்முன் எளியதே.

குட்டையின் மறுபக்கம்

குட்டை அனைத்தையும் கேடென ஒதுக்குதலும் திறனாய்வாகாது. ஆந்திரத்தைச் சேர்ந்த மொடடுகு விஜய் குப்தா வங்காளதேசத்து ஏழைக் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, பயனற்றுக் கிடந்த சிறு பள்ளங்களில் தவிடும் களையும் இட்டு மீன் வளர்க்கக் கற்பித்தார். பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட உலக மீன் மையத்தில் பணியாற்றிய அவர், 2005-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். கேரளத்துப் பொக்காளி வயல்களில் மழைக்காலத்து நன்னீரில் நெல்லும், பின்னர் உவர்நீர் ஏறும் பருவத்தில் இறாலும் மாறி மாறி விளைகின்றன. மருதமும் நெய்தலும் ஒரே நிலத்தில் பொழுதால் பிரிந்து நிற்பதை இங்குக் காண்கின்றோம். திணை மயக்கம் என்ற கருத்து உயிர்பெறும் இடம் இது. முதற்பொருளில் பொழுதையும் சேர்த்த தொல்காப்பிய நோக்கு இதனை விளக்க வல்லது.

ஆக, நாகையின் குட்டையும் வங்காளதேசத்துக் குட்டையும் நிலத்தால் மட்டும் வேறுபடவில்லை. குட்டை எவருடையது? தீவனம் எங்கிருந்து வருகின்றது? கழிவு எவர் கிணற்றைச் சேர்கின்றது? விளைந்ததை உண்பவர் எவர்? இந்நான்கு வினாக்களே அவற்றை வேறுபடுத்துகின்றன. இரண்டாம் வினா சிறப்பாகக் கருதத்தக்கது. கடலின் சிறுமீனை அரைத்துத் தீவனமாக்கி ஏற்றுமதி இறாலை வளர்க்கும்போது, குட்டை கடலின் சுமையைக் குறைப்பதில்லை. ஏழையின் மீனைச் செல்வரின் தட்டிற்கு மாற்றுகின்றது.

முடிவுரை

திணைக் கோட்பாட்டைக் கைவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபன்று. நிலம், பொழுது, தொழில், ஒழுக்கம் ஆகியவற்றை ஒருசேரக் காணும் அதன் பார்வையோடு உடைமையும் கூலியும் சேர்த்து எண்ணப்படல் வேண்டும். அவ்வாறன்றி நெய்தலின் இழந்த அழகை மட்டும் பேசினால், அது அக்கடற்கரை மக்களுக்குச் செய்யும் இரண்டாம் அநீதியாகும். தங்காக் வகுப்பறையில் எழும் வினாவிற்குத் திணைப்பெயர் ஒன்றை விடையாகத் தரவேண்டியதில்லை. மேற்கண்ட நான்கு வினாக்களை மாணவர் கையில் கொடுத்து, அருகிலுள்ள குட்டையைப் பார்த்துவரச் செய்யலாம். ரப்பர்த் தோட்டங்களில் தம் முன்னோர் உழைத்தும் நிலம் எவருடையதாக இருந்தது என்பதை அறிந்த பிள்ளைகளுக்கு முதல் வினா புதிதன்று.