முற்றத்தில் ஒரு வழக்கு

அளந்து வாங்கியதை அதே அளவில் திருப்பித் தருவதைக் குறியெதிர்ப்பை என்று நம் முன்னோர் அழைத்தனர். ஈகையை அதனின்றும் பிரித்தே வைத்தனர். நாடுகளுக்கிடையே இன்று நடைபெறும் கொடுக்கல் வாங்கலை விளக்க இவ்விரு சொற்களும் போதா. அங்கே கடனும் உதவி என்றே பெயர் பெறுகிறது. உதவியோடு கட்டளையும் சேர்ந்து வருகிறது. மானியத்தைக் குறைக்க வேண்டும், பொதுத்துறையை விற்க வேண்டும், தேர்தல் நடத்த வேண்டும் என்று கொடுப்பவர் கூறும் நிபந்தனைகள் பலவகைப்பட்டவை. இவை முறையானவைதாமா என்னும் வினாவை ஒரு வீட்டு முற்றத்தில் வைத்து விசாரிக்கிறது ‘பமாகோ’ என்னும் திரைப்படம். மொரித்தானியாவில் பிறந்து மாலி நாட்டில் வளர்ந்த அப்துரஹ்மான் சிசாக்கோ இயக்கிய இப்படம் 2006ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் போட்டிக்கு வெளியே திரையிடப்பட்டது. ஆண்டுகள் பல கடந்தும் அது எழுப்பிய வழக்கு முடியவில்லை. ஆதலின் அதனை மீண்டும் எண்ணிப் பார்ப்பது பயனுடையது எனக் கருதுகிறோம்.

மாலியின் தலைநகரான பமாகோவில், இயக்குநரின் தந்தையார் வாழ்ந்த வீட்டின் முற்றமே நீதிமன்றம். வழக்காடுவோர் ஆப்பிரிக்கச் சமூகத்தினர். எதிர்வழக்காடுவோர் உலக வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் ஆவர். உண்மையான வழக்கறிஞர்களே படத்திலும் வாதாடுகின்றனர். சாட்சிகள் தம் சொந்தச் சொற்களிலேயே பேசுகின்றனர். மாலியின் முன்னாள் பண்பாட்டு அமைச்சரும் எழுத்தாளருமான அமினாத்தா திராவோரே சாட்சிக் கூண்டில் நின்று, ஆப்பிரிக்காவை ஏழை என்று அழைப்பதையே மறுக்கிறார். தன் செல்வத்தாலேயே அக்கண்டம் துன்புறுகிறது என்பது அவர் வாதம்.

இவ்வளவும் நடக்கும்போது முற்றத்தின் வாழ்வு நிற்கவில்லை. பெண்கள் துணிகளுக்குச் சாயம் தோய்க்கிறார்கள். ஓர் அறையில் நோயாளி ஒருவர் படுத்திருக்கிறார். திருமண ஊர்வலம் ஒன்று நீதிமன்றத்தின் நடுவே புகுந்து செல்கிறது. அவ்வீட்டில் குடியிருக்கும் மெலே என்னும் பாடகிக்கும் வேலையற்ற அவள் கணவன் சாக்காவுக்கும் இடையே மணவாழ்வு முறிந்துகொண்டிருக்கிறது. மாலியில் என்றேனும் இஸ்ரேல் தூதரகம் திறக்கப்பட்டால் காவலர் வேலை கிட்டும் என்னும் நம்பிக்கையில் சாக்கா எபிரேய மொழி பயில்கிறான். பொருளாதார அறிக்கைகளில் ‘வேலையின்மை’ என்னும் ஒரு சொல்லாக அடங்கிவிடும் துன்பம் இங்கே ஒரு மனிதனின் முகமாகத் தெரிகிறது. படத்தின் முதற்பெரும் சிறப்பு இதுவே என்போம்.

இரண்டாவது சிறப்பு, மௌனத்தையும் சாட்சியாக ஏற்றுக்கொண்டது. முன்னாள் ஆசிரியர் ஒருவர் கூண்டில் ஏறுகிறார். ஒரு சொல்லும் சாட்சியமாகக் கூறாமல் இறங்கிச் செல்கிறார். முதிய உழவர் செகே பம்பா தொடக்கத்திலேயே பேச முற்பட்டு, முறை வரும்வரை காத்திருக்குமாறு பணிக்கப்படுகிறார். இறுதியில் தம் மொழியில் பாடலாகவே தம் முறையீட்டைக் கூறுகிறார். அதற்கு மொழிபெயர்ப்பு தரப்படவில்லை. திரையின் அடியிலும் எழுத்து இல்லை. அந்த உழவரின் நிலத்தைப் பற்றிய முடிவுகளை எடுத்தவர்கள் அவர் மொழியை அறியார் என்பதை நாம் அவ்விடத்தில் உணர்கிறோம்.

குற்றச்சாட்டு கற்பனையன்று. 1980 முதல் ‘கட்டமைப்புச் சீரமைப்பு’ என்னும் பெயரில், அரசுச் செலவைக் குறைப்பதும் பொதுச் சொத்துகளைத் தனியாரிடம் ஒப்படைப்பதும் கடனுக்குரிய நிபந்தனைகளாயின. 1,200 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான டாக்கர் - பமாகோ இருப்புப்பாதை 2003ஆம் ஆண்டு தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. சரக்குப் போக்குவரத்தே முதன்மை பெற்றது. வண்டி வரும் நேரத்தை நம்பிக் காய்கனி விற்றுப் பிழைத்த சிற்றூர்களில் நிலையங்கள் பல மூடப்பட்டன. சாக்காவாக நடித்த தியேகுரா திராவோரே உண்மை வாழ்விலும் அந்த இருப்புப்பாதையின் மீட்புக்காகப் போராடியவர். மற்றொன்றையும் இங்கே நினைவுகூர்தல் தகும். மானியம் கூடாது என்று வறிய நாடுகளுக்கு அறிவுரை கூறிய காலத்திலேயே, அமெரிக்கா தன் பருத்தி உழவர்களுக்குப் பெரும் மானியம் வழங்கி வந்தது. இதனை எதிர்த்து 2003ஆம் ஆண்டு மாலி, புர்கினா பாசோ, பெனின், சாட் ஆகிய நான்கு நாடுகளும் உலக வணிக அமைப்பில் முறையிட்டன.

ஆயினும் படத்தின் மீது நமக்கு ஒரு குறை உண்டு. முற்றத்தில் வந்து நின்ற சாட்சிகளுள் ஆப்பிரிக்க ஆட்சியாளர் எவரும் குற்றவாளியாக நிறுத்தப்படவில்லை. இடையில் வரும் துப்பாக்கிச் சண்டைக் காட்சியில், சுடுவோருள் ஆப்பிரிக்கரும் உளர் என்று இயக்குநர் குறிப்பாகக் காட்டுகிறார்; அவ்வளவே. மாலியை 1968 முதல் 22 ஆண்டுகள் அடக்கி ஆண்ட மூசா திராவோரேயின் ஆட்சியைப் பற்றி இந்த நீதிமன்றம் இன்னும் விரிவாக விசாரித்திருக்க வேண்டாவா? நிபந்தனைகளுள் வேறொரு வகையும் உண்டு என்பதை அந்த வரலாறே காட்டும். 1990 ஜூன் மாதம் லா போல் நகர மாநாட்டில் பிரெஞ்சுத் தலைவர் மித்தரான், மக்களாட்சியை நோக்கி நகரும் நாடுகளுக்கே உதவி மிகும் என்று அறிவித்தார். 1991 மார்ச்சில் மூசா திராவோரே வீழ்ந்தார். ஆயின் அவரை வீழ்த்தியது பாரிசின் சொல் என்று எவரும் கூறார். துப்பாக்கிக்கு அஞ்சாது பமாகோவின் தெருக்களில் இறங்கிய மாணவரும் பெண்களும் தொழிலாளரும், இறுதியில் அவர்கள் பக்கம் சாய்ந்த படையினருமே அதனைச் செய்தனர்.

கென்யாவிலும் இதையொத்த நிகழ்ச்சியைக் காண்கிறோம். 1991 நவம்பரில் உதவி நாடுகள் பாரிசில் கூடிப் புதிய உதவியை நிறுத்தி வைத்தன. டிசம்பரிலேயே ஒருகட்சி ஆட்சிக்கு இடமளித்த சட்டப் பிரிவு நீக்கப்பட்டது. நிபந்தனை அங்கே பலித்தது. ஏனெனில், அந்நாட்டு வழக்கறிஞர்களும் திருச்சபைத் தலைவர்களும் முன்னரே அதனைக் கேட்டுக் குரல் எழுப்பி வந்தனர். வெளியார் அக்குரலுக்கு வலுவூட்டினர்.

நம் நாட்டு வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1965, 1966 வறட்சி ஆண்டுகளில் இந்தியா அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்தது. 1965 நவம்பரில் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் உரோமை நகரில் அமெரிக்க வேளாண் செயலர் ஆர்வில் ஃபிரீமனுடன் ஓர் உடன்பாடு செய்தார். வேளாண்மைக்கு முதலிடம் தரவேண்டும் என்னும் அந்த நிபந்தனைகள், தம் நாட்டிலேயே எதிர்ப்புகளுக்கிடையில் அவர் வற்புறுத்தி வந்தவையே. ஆதலின் அவை வேரூன்றின. ஆனால் குடியரசுத் தலைவர் ஜான்சன், வியத்நாம் போர் பற்றிய இந்தியாவின் கருத்தால் சினமுற்று, கப்பல்களை மாதந்தோறும் அளந்தே விடுத்தார். பசித்தவன் வாயை அடக்கும் அந்த நிபந்தனை, உதவியின் மீது நன்றியை வளர்க்கவில்லை, கசப்பையே வளர்த்தது. 1966 ஜூனில் உதவி தருவோரின் வற்புறுத்தலால் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. அதற்கு ஈடாக எதிர்பார்த்த உதவியோ தொடர்ந்து வரவில்லை.

கொடுப்பவரின் அறிவும் சிலவேளை தவறும் என்பதற்கு மலாவி எடுத்துக்காட்டு. உர மானியத்தை ஒழிக்குமாறு உதவி நிறுவனங்கள் நெடுங்காலம் அந்நாட்டை நெருக்கின. 2005ஆம் ஆண்டு அறுவடை பொய்த்துப் பஞ்சம் நேர்ந்தபின், அரசு அந்த அறிவுரையை மீறி மானியத்தைத் திரும்பக் கொணர்ந்தது. மழையும் துணைசெய்ய, அடுத்த ஈராண்டுகளில் மக்காச்சோளம் பெருகி விளைந்தது. அண்டை நாட்டுக்கும் விற்கப்பட்டது. பின்னாளில் மானியச் செலவு பெருஞ்சுமையாயிற்று என்பதும் மெய்யே. எனினும் பஞ்ச காலத்தில் தம் மக்களின் பசியை அறிந்தவர்கள் எடுத்த முடிவே உயிர்களைக் காத்தது.

இவற்றையெல்லாம் சீர்தூக்குங்கால் நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. நிபந்தனை உண்டா இல்லையா என்று கேட்பது போதாது. அந்த நிபந்தனையில் ஒலிப்பது யாருடைய குரல் என்று கேட்க வேண்டும். உள்ளூர் மக்கள் தம் ஆட்சியாளரிடம் ஏற்கெனவே கேட்டு வருவதை வெளியாரும் சேர்ந்து கேட்பது ஒருவகைத் தோழமை. அவர்கள் கேட்காததை, அறியாததை, அவர்கள் பசியைக் காட்டித் திணிப்பது ஆதிக்கம். திருத்தந்தை ஆறாம் பவுல் 1967ஆம் ஆண்டு மக்கள் முன்னேற்றம் பற்றி எழுதிய சுற்றுமடலில், கொடுப்போரும் பெறுவோரும் உரையாடலில் இணைய வேண்டும் என வலியுறுத்தியது இக்காரணம் பற்றியே. கணக்குக் கேட்பதை நாம் குறை கூறவில்லை. ஏழைகளுக்கென வந்த பணம் ஏழைகளைச் சேர்ந்ததா என்று வினவுவது நீதியே. நம் மறைமாவட்டச் சமூகப்பணி மையங்களும் வெளிநாட்டு உதவிக்குக் கணக்கு ஒப்புவிக்கின்றன. ஆனால் பயன்பெறும் சிற்றூர்ப் பெண்கள் அத்திட்டங்களை வகுக்கும் அவையில் அமர்ந்தார்களா என்னும் வினாவை நாமும் நமக்குள் கேட்டுக்கொள்ளல் நலம்.

படத்திற்குப் பின் நிகழ்ந்தவை அதன் வழக்கை மேலும் சிக்கலாக்கியுள்ளன. மாலியில் 2020, 2021 ஆண்டுகளில் படைப்புரட்சிகள் நடந்தன. இரஷ்யக் கூலிப்படையின் வருகையைக் காரணம் காட்டி, 2022 நவம்பரில் பிரான்சு வளர்ச்சி உதவியை நிறுத்தியது. பமாகோ அரசோ, பிரெஞ்சு நிதி பெறும் தொண்டு நிறுவனங்களைத் தடை செய்து விடை கூறியது. இரு அரசுகளும் தத்தம் மானத்தைக் காத்தன. கிணறும் மருந்தும் இழந்தவர்கள் சிற்றூர் மக்களே. 2025ஆம் ஆண்டில் அமெரிக்கா தன் வளர்ச்சி உதவி நிறுவனத்தையே மூடிவிட்டது. நிபந்தனை பற்றி வாதிடுவதற்குக்கூட எதுவும் எஞ்சாத நிலை இன்று பல ஊர்களில் உள்ளது. நிபந்தனையைக் கண்டிப்போர் கைவிடப்படுதலையும் அதே குரலில் கண்டிக்க வேண்டும்.

சிசாக்கோவின் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கவில்லை. வழக்கறிஞர்களின் இறுதி வாதங்கள் முடிந்தபின் சாக்கா இறந்து கிடக்கிறான்; முற்றம் இழவு வீடாகிறது. சிலர் இதனைக் குறையாகக் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. சாக்காவின் பெயர் வழக்கில் ஒருமுறையும் எழவில்லை. அவன் சாட்சியாகவும் அழைக்கப்படவில்லை. வாதங்கள் அனைத்தும் அவனைப் போன்றோரைப் பற்றியே நடந்தன. உதவியைப் பற்றிப் பேசுவோர் எவராயினும், அந்த முற்றத்தின் ஓரத்தில் பேசாது அமர்ந்திருந்தவனை முதலில் அழைத்துக் கேட்க வேண்டும் என்பதே இப்படம் நமக்கு விட்டுச்செல்லும் கடமை.