கோபுரம் நின்றது, கூட்டம் வெளியேறியது

எடின்பரோ கோட்டையிலிருந்து இறங்கும் தெருவில் 'ஹப்' என்றொரு கட்டடம். நகர மையத்தில் உயர்ந்து நிற்கும் கூம்புக் கோபுரம் அதனுடையது. 1999இல் எடின்பரோ சர்வதேச விழாவின் இருப்பிடமாயிற்று. பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் முதல் வகுப்பு. பழைய பிரஸ்பிட்டேரியன் ஆலயம் ஒன்று நல்லபடியாகக் காப்பாற்றப்பட்ட கதை என்பார்கள். சரி, எதைக் காப்பாற்றினார்கள்?

ஸ்காட்லாந்துத் திருச்சபையில் பிஷப் கிடையாது; போதகர்களும் மூப்பர்களும் கூடும் மன்றங்களிடம்தான் அதிகாரம். அவற்றின் உச்சமான பொதுப்பேரவை கூடவும் டோல்பூத் வட்டாரச் சபை வழிபடவும் 1842இல், விக்டோரியா ராணி வந்திருந்த சமயத்தில், இதற்கு அடிக்கல் நாட்டினார்கள். கில்லெஸ்பி கிரஹாமோடு சேர்ந்து வடிவமைத்த புகின் கத்தோலிக்கராக மாறியவர். கோத்திக்தான் உண்மையான கிறிஸ்தவக் கட்டடக்கலை என்று வாதாடியவர். சுரூபமும் பலிபீடமும் வேண்டாம் என்றவர்களுக்கு இடைக்காலக் கத்தோலிக்கத்தின் கல்மொழி! வெறும் ரசனை என்று இதை விட்டுவிட முடியாது. பழமையைக் கடன் வாங்கித்தான் அதிகாரம் தன்னை இயல்பானதாகக் காட்டிக்கொள்கிறது.

சுவர் எழும்பும்போதே கூட்டம் உடைந்தது. சபையார் வேண்டாம் என்றாலும் நிலவுடைமையாளர் தன் ஆளைப் போதகராக நியமிக்கலாம் என்ற உரிமையை நீதிமன்றங்கள் உறுதிசெய்திருந்தன. 1843 மே 18இல் வெளிநடப்பு. போதகர்களில் மூன்றிலொரு பங்குக்கு மேல், 474 பேர், வீட்டையும் சம்பளத்தையும் உதறிவிட்டுச் சுதந்திரத் திருச்சபைக்குப் போனார்கள். கோபுரம் தன்பாட்டுக்கு வளர்ந்தது. ஆக, திருச்சபை முழுவதற்குமென்று தொடங்கிய மண்டபம் தங்கிவிட்டவர்களின் மண்டபமாகத்தான் முடிந்தது.

1929இல் பிளவு பெருமளவு சரியானபோது பேரவை இங்கே தங்கவில்லை. வெளியேறியவர்கள் 1859இல் கட்டிமுடித்த மண்டபத்துக்கே போய்ச் சேர்ந்தது. பிற்பாடு இங்கே கேலிக் மொழி வழிபாடும் நடந்தது. 1979இல் சபை கிரேஃபிரையர்ஸ் ஆலயத்தோடு இணைந்தபோது அந்த மொழியும் இடம்பெயர்ந்தது.

சுரூபத்தை விலக்கியவர்களின் கட்டடத்தில், மாடிப்படிச் சுவரெங்கும் விழாக் கலைஞர்களின் சிறுசிறு உருவங்கள். இதில் குற்றமொன்றும் இல்லை. பாழாய்க் கிடப்பதைவிடப் பாட்டுக் கேட்பது நல்லதுதான். சிக்கல் 'பாரம்பரியம்' என்ற சொல்லாடலில் இருக்கிறது. அது பாணியையும் கட்டடக் கலைஞரின் பெயரையும் பதிவு செய்கிறது. போதகரைத் தேர்வது யார் என்ற சண்டை அதற்கு ஓர் அடிக்குறிப்பு. அந்தச் சண்டையை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் வாசித்தால், நாமும் நியமித்தவர் பக்கம்தான் நிற்கிறோம்.