மாக் எழுதினால் மார்க் ஏறுமா?

பிளஸ் டூ படித்துக்கொண்டே தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டுக்கும் தயாராகும் பிள்ளைகளிடம் அக்டோபர் வாக்கில் ஒரு புலம்பலைக் கேட்கலாம்: மார்க் நின்றுவிட்டது. ஜூனில் 120-க்கு 45 எடுத்தவர் ஆகஸ்டில் 65-ஐத் தொட்டிருப்பார். அதன் பிறகு வாரம் இரண்டு மாக் டெஸ்ட் எழுதினாலும் 66, 70, 64, 68 என்று அங்கேயே சுற்றுவார். பயிற்சி மையமும் சீனியர்களும் வீட்டாரும் சொல்லும் வழி ஒன்றுதான்: இன்னும் நிறைய மாக் எழுது.

இந்த யோசனை எங்கிருந்து வருகிறது என்பது மறைமலை நகரிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். அதிக தூரமில்லாத புதுப்பாக்கத்தில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரிகளின் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. திருச்சியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கோ பெங்களூருக்கோ போக வேண்டுமென்றால் கிளாட் எழுத வேண்டும். பிளஸ் டூ மார்க்கை உயர்த்தும் வித்தை நமக்கு அத்துப்படி: ஸ்லிப் டெஸ்ட், ரிவிஷன் டெஸ்ட், மறுபடியும் ரிவிஷன் டெஸ்ட். அங்கே அது பலிக்கும். கேள்விகள் புத்தகத்துக்குள்ளிருந்தே வருகின்றன, திரும்பத் திரும்பவும் வருகின்றன. கிளாட்டுக்கு அப்படியொரு புத்தகம் கிடையாது. 2020 முதல் பாசேஜைக் கொடுத்து அதிலிருந்து கேட்கும் முறைதான். இன்று பார்த்த பாசேஜ் நாளை வராது.

மாக்கில் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். 45-லிருந்து 65 வரை ஏற்றிவிட்டதே அதுதான். இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காருவது, எந்தப் பகுதியை முதலில் எடுப்பது, ஒட்டிக்கொண்ட கேள்வியை எப்போது உதறுவது ஆகியவற்றை வேறெதுவும் இவ்வளவு சீக்கிரம் கற்றுத்தராது. அந்த அளவு தேர்வுப் பழக்கம் வந்தபின் மாக் அளந்து காட்டுமே தவிர வளர்க்காது. அளப்பதிலும் அது அவ்வளவு துல்லியமில்லை. எல்லாக் கேள்விக்கும் விடையளித்துச் சராசரியாக 70 எடுப்பவருக்கு, திறமை கூடாமல் குறையாமல் இருக்கும்போதே, ஆறு மார்க் ஏறுவதும் இறங்குவதும் சகஜம் என்கிறது புள்ளியியல். 64 வந்த ஞாயிற்றுக்கிழமை வீடே இழவு வீடாவதற்கு அர்த்தமில்லை. 76 வந்த நாளில் ஸ்வீட் வாங்குவதற்கும்தான்.

மார்க் நின்றதும் கிடைக்கும் இன்னொரு அறிவுரை, “சந்தேகமாக இருந்தால் விட்டுவிடு”. தவறான விடைக்கு 0.25 போகிறது என்ற பயம் அதற்குப் பின்னால் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பயம் நிற்காது. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தாலும் சராசரியாகக் கேள்விக்கு 0.06 மார்க் லாபம்தான். ஒரு விடையை ஒதுக்க முடிந்தால் 0.16-க்கும் மேல். தவறான விடை தின்னும் கால் மார்க்கை விட, அதற்கு முன் அது தின்ற மூன்று நிமிடம்தான் பெரிய நஷ்டம்.

கதையே அந்த நிமிடங்களில்தான் இருக்கிறது. கணிதம் போக மீதி நான்கு பகுதிகளில் பாசேஜ் ஒன்று 450 சொல் அளவில் வரும். இருபது பாசேஜ் என்று வைத்தாலும் கேள்விகளைச் சேர்க்காமலே ஒன்பதாயிரம் சொல். நிமிடத்துக்கு 150 சொல் படிப்பவருக்கு அதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். 225 சொல் படிப்பவர் நாற்பது நிமிடத்தில் முடித்துவிடுவார். இந்த இருபது நிமிட வித்தியாசத்தை எந்த மாக்கும் ஈடுகட்டாது. வாசிக்க வேண்டும். அந்த வாசிப்பையும் நாம் கெடுத்துவைத்திருக்கிறோம்: ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை நடப்பு நிகழ்வுக் குறிப்பெடுக்க மட்டும் புரட்டுகிறோம். மறைமலை நகரிலிருந்து தாம்பரம் போய்ச்சேரும் மின்சார ரயில் பயணத்துக்குள் ஒரு தலையங்கத்தை முழுதாகப் படித்து, எழுதியவர் எதை நிரூபிக்கப் பார்க்கிறார், எங்கே சறுக்குகிறார் என்று மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தால் அது கிளாட்டுக்கான படிப்பு. வேகம் அதன் பின்னால் தானாக வரும்.

பிழை நோட்டு போடும் வழக்கத்தையும் பார்க்க வேண்டும். நல்ல வழக்கம்தான். ஆனால் பலர் அதில் சரியான விடையை அழகாக எழுதிவைக்கிறார்கள். கேள்வி திரும்ப வரும் தேர்வுக்குத்தான் அது உதவும். எழுத வேண்டியது, தப்பான விடை ஏன் சரியாகத் தோன்றியது என்பதை. சட்டப் பகுதியையே எடுத்துக்கொள்வோம். மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-ன் மோஹரி பீபி தீர்ப்பிலிருந்து எல்லாருக்கும் தெரிந்தது. வயதை மறைத்த மைனரை ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்று பாசேஜ் ஒரு கற்பனை விதியைக் கொடுத்தால், சட்டம் கொஞ்சம் தெரிந்த பிள்ளைதான் முதலில் தவறுவான். சட்டம் தெரியாதவன் பாசேஜைப் பார்த்துச் சரியாகக் குறித்துவிடுவான். 70-ஐத் தாண்டாத பலரின் தாள்களில் இந்த வகைப் பிழை ஒளிந்திருக்கிறது. “சில்லி மிஸ்டேக்” என்று பெயர் வைத்து அதைக் கடந்துபோகிறார்கள்.

இத்தனை சொன்னாலும், அக்டோபரில் தொடங்கும் வாசிப்புக்கு எல்லை உண்டு. கிளாட் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. மற்ற இந்திய மொழிகளிலும் நடத்தக் கோரி 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே தொடரப்பட்டது. தமிழ் வழியில் படித்த பிள்ளையின் மார்க் 60-ல் நின்றால் அதை உழைப்புக் குறைவு என்பது அநியாயம். அந்தப் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே ஆங்கிலப் புத்தகம் கையில் வந்திருக்க வேண்டும்.

காலமும் இடிக்கிறது. 2025-ல் டிசம்பர் 7 அன்று கிளாட் நடந்தது. அதே வாரத்தில் அரையாண்டுத் தேர்வும். இரண்டும் நெருக்கும்போது எதையாவது விட்டாக வேண்டும். உடனே மார்க் காட்டாத வேலை என்பதால் வாசிப்பைத்தான் முதலில் விடுகிறார்கள். மாக் மட்டும் வாரம் இரண்டு என்று நடந்துகொண்டிருக்கிறது.