சாமியாடியும் சாரம் கட்டுகிறவனும்: குங்ஃபூ நகைச்சுவையின் காணாமல்போன பாதி

குங்ஃபூ நகைச்சுவைப் படம் 1978இல் ஜாக்கி சானோடு பிறந்தது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. உலக சினிமா பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பலரும் 'டிரங்கன் மாஸ்டர்' படத்தை எல்லைக்கல்லாக நட்டு, அதற்கு முன்னால் புரூஸ் லீயின் முறைப்பு, பின்னால் ஜாக்கியின் சிரிப்பு என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். வசதியான கணக்குதான். ஆனால் மூன்று வருடம் பிசகிய கணக்கு. பிசகு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அது இன்னும் சுவாரசியம். படங்களைப் பார்த்து யாரும் இந்த முடிவுக்கு வரவில்லை. கிடைத்த கேசட்டுகளைப் பார்த்து வந்த முடிவு இது.

பழைய கதையை வேகமாகக் கடந்துவிடலாம். 1949இல் தொடங்கி எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் குவான் டக்-ஹிங், வோங் ஃபெய்-ஹங் என்ற கான்டன் நகரத்து வைத்தியர்-வாத்தியாராக நடித்தார். நீதி போதிக்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள். இன்று உட்கார்ந்து பார்க்கப் பொறுமை வேண்டும். ஆனால் பின்னால் வந்த எல்லாருக்கும் நாற்றங்கால் அதுதான். அங்கே வேலை பார்த்த யுவான் சியூ-டீனின் மகன் யுவான் வூ-பிங். லாவ் சாம் என்பவரின் மகன் லாவ் கார்-லியுங். புரூஸ் லீயும் சிரிக்கத் தெரியாதவர் அல்ல. 1972இல் வந்த 'வே ஆஃப் தி டிராகன்' படத்தின் முதல் பகுதியில், மொழி தெரியாத ரோம் நகரத்தில் சூப்பை வரிசையாக வரவழைத்துக் குடித்துவிட்டுக் கழிப்பறை தேடி அலைகிற நாட்டுப்புறத்தான் அவர். 1973 ஜூலையில் அவர் இறந்தார். அதே ஆண்டு 'ஹவுஸ் ஆஃப் 72 டெனன்ட்ஸ்' படம், மாண்டரினிடம் திரையைப் பறிகொடுத்திருந்த கான்டனீஸ் மொழிக்கு மறுவாழ்வு கொடுத்தது. 1974இலும் 1976இலும் மைக்கேல் ஹுய் தம்பிமாரோடு சேர்ந்து எடுத்த நகைச்சுவைப் படங்கள் வசூலை அள்ளின. 1976 படத்துக்குச் சண்டை அமைத்தவர் சாம்மோ ஹங். ஊர் சிரிக்கத் தயாராக இருந்தது. யார் முதலில் சிரிக்கவைப்பது என்பதுதான் பாக்கி.

முந்திக்கொண்டவர் லாவ் கார்-லியுங். 1975, ஷா பிரதர்ஸ், 'ஸ்பிரிச்சுவல் பாக்ஸர்'. அவர் இயக்கிய முதல் படம். நாயகன் வோங் யூ, இன்று எந்தச் சுவரொட்டியிலும் இல்லாத முகம். கதையை எங்கள் பக்கத்து ஆளிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் புரிந்துகொள்வார். ஒரு குடிகார வாத்தியார், ஒரு சீடப் பையன். தெய்வம் உடம்பில் இறங்கினால் கத்தி ஏறாது, அடி விழாது என்று ஊர் ஊராக நம்பவைத்துப் பிழைக்கிறார்கள். வாத்தியார் போதையில் விழுந்துகிடக்க, பையன் தனியாகக் கிளம்புகிறான். சாமியாடி, கோமரத்தாடி என்று நாம் சொல்கிறவர்களின் சீனப் பங்காளி. 1900இல் துப்பாக்கிக் குண்டு துளைக்காது என்று நம்பி அந்நியப் படைக்கு முன்னால் போய் நின்று செத்த பாக்ஸர் கிளர்ச்சிக்காரர்களின் நிழலும் கதையில் உண்டு. அந்தச் சோகத்தின் மேல் நின்றுகொண்டுதான் லாவ் சிரிக்கிறார்.

சிரிக்கிற ஆள் யார் என்பதுதான் விசேஷம். லாவ் சாமின் குரு லாம் சாய்-விங். அவருடைய குரு வோங் ஃபெய்-ஹங். ஹாங்காங் சினிமாவில் வம்சாவளிச் சான்றிதழைக் கையில் வைத்திருந்த மனிதர், போலிக் குருக்களை வைத்துத் தன் முதல் படத்தை எடுக்கிறார். அசல் வித்தை கையில் இருந்ததால் அவரிடம் பதற்றமே இல்லை. கேலி எந்த இடத்திலும் வன்மமாக மாறுவதில்லை. பையன் கள்ளச்சாமிதான், ஆனால் கற்ற வித்தை கள்ளம் இல்லை. ஊருக்கு ஒரு கஷ்டம் வரும்போது கை கொடுப்பது அதுதான். இதற்குப் பிறகு வந்த குங்ஃபூ நகைச்சுவைப் படங்களில் பாதி இந்த ஒரு கதையின் வேறு வேறு ஜாடைகள்.

1978க்கு வருவோம். இங் சீ-யுவானின் சீசனல் நிறுவனம், யுவான் வூ-பிங் இயக்கம். முதலில் 'ஸ்னேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ', அதே ஆண்டு அக்டோபரில் 'டிரங்கன் மாஸ்டர்'. முதல் படம் ஹாங்காங்கில் சுமார் 27 லட்சம் டாலர் வசூலித்தது, இரண்டாவது சுமார் 67 லட்சம். இந்தப் படங்களை நான் குறைத்துப் பேசப்போவதில்லை. குடிகாரப் பிச்சைக்கார வாத்தியாராக யுவான் சியூ-டீனும் அடிவாங்கும் சீடனாக ஜாக்கியும் சேர்ந்து செய்வது அற்புதம். எட்டு குடிகாரத் தெய்வங்களின் எட்டு வித்தையில் கடைசியானது பெண் தெய்வத்தினுடையது. பொம்பளை வித்தை எதற்கு என்று பையன் அதைப் படிக்காமல் விட்டுவிடுகிறான். உச்சக்கட்டச் சண்டையில் அதுதான் தேவைப்படுகிறது. இடுப்பை ஒடித்து, கண்ணாடி பார்த்து, அங்கேயே ஒன்றைக் கற்பித்துக்கொண்டு ஜெயிக்கிறான். குரு கொடுத்ததோடு நின்றுவிடாத சீடன்.

ஒன்றை மட்டும் நாம் பார்க்கவே இல்லை. அந்தப் பையன்தான் வோங் ஃபெய்-ஹங். குவான் டக்-ஹிங் முப்பது வருடம் கைகட்டி நின்று நீதி சொன்ன அதே மகான், இங்கே கடையில் தின்றுவிட்டுக் காசு கொடுக்காமல் நழுவப் பார்க்கும் தறுதலை. கட்டபொம்மனை அப்படி எடுக்க நம்மில் யாருக்குத் துணிச்சல் வரும்? ஆனால் நமக்கு வந்த ஆங்கில டப்பிங்கில் அவன் பெயர் ஃப்ரெடி வோங். படத்தின் பெரிய நகைச்சுவையே அதோடு போயிற்று. மிஞ்சியது ஒரு குறும்புக்காரப் பையன். கூடவே ஜாக்கி சான் என்ற நட்சத்திரம்.

ஜாக்கியைத் தனியாள் மேதையாக்குவதில் எனக்கு இன்னொரு வழக்கும் உண்டு. அவரும் சாம்மோவும் யுவான் பியாவும் யூ ஜிம்-யுவான் நடத்திய பீக்கிங் நாடகப் பள்ளியின் பிள்ளைகள். ஜாக்கியை அங்கே பத்து வருட ஒப்பந்தத்தில் விட்டார்கள். விடியலுக்கு முன் எழுந்து தலைகீழாக நிற்பது, ஒருவன் தப்புச் செய்தால் எல்லாருக்கும் பிரம்படி. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனி நினைவுகளைப் படித்தவர்களுக்கு இதில் ஒரு வரியும் புதிதாக இராது. எம்.ஜி.ஆர். வந்த வழியும் அதுவே. கூட்டமாக வளர்ந்த உடம்புகள் இவை. ஒரு கை நீளும்போது இன்னொரு தலை குனியும் என்பது எலும்பில் பதிந்த தாளம். அந்தத் தாளத்தைத் திரையில் முழுசாகக் காட்டியவர் ஜாக்கியைவிட சாம்மோதான் என்பேன். 1978இன் 'என்டர் தி ஃபேட் டிராகன்' படத்தில் அவர் பன்றி வளர்க்கும் கிராமத்தான். புரூஸ் லீ பைத்தியம். நகரத்துக்கு வந்து போலி புரூஸ் லீக்களைப் புடைக்கிறார். 1979இன் 'நாக்கபவுட்' படத்தில் குண்டுப் பிச்சைக்காரராக வந்து யுவான் பியாவுக்குக் கயிறு தாண்டப் பழக்கும் காட்சியில் யார் நாயகன் என்றே சொல்ல முடியாது. கயிறுதான் நாயகன்.

பின் ஏன் ஜாக்கி மட்டும் நின்றார்? பெட்டிக்குள் போன படம் எப்படிப் போயிற்று என்று பார்க்கவேண்டும்.

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற வீடுகளிலும், முகவூர், செட்டியார்பட்டித் தெருக்களிலும் எண்பதுகளில் கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்றால் டிவியும் டெக்கும் வாடகைக்கு வரும். ராத்திரி முழுக்கப் படம். எம்.ஜி.ஆர். ஒன்று, ரஜினி ஒன்று, பெரியவர்கள் சரிந்து தூங்கியபிறகு இளவட்டங்களுக்கு ஒரு 'கராத்தே படம்'. குங்ஃபூ என்ற பெயரெல்லாம் பின்னால் வந்தது. இழுபட்டுத் தேய்ந்த அந்த வீஎச்எஸ் நாடாவில், 2.35க்கு 1 என்ற அகலத்தில் எடுத்த படம் 4க்கு 3 டிவிப் பெட்டிக்காக இரண்டு ஓரமும் வெட்டப்பட்டிருக்கும். கணக்குப் போட்டால் நூற்றுக்கு 43 பங்கு படம் காணோம். புரூஸ் லீக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. நடுவில் ஒற்றை ஆள், முகம், முஷ்டி. நகைச்சுவைச் சண்டைக்கோ இரண்டு ஓரமும் வேண்டும். இடது கோடியில் வாத்தியார் குறட்டை விட, வலது கோடியில் சீடன் நீர்ப்பானையோடு தள்ளாடுவதுதான் காட்சி. ஒரு கோடியை வெட்டினால் சிரிப்பும் கூடவே போகும். சாம்மோவின் கூட்டாட்டம் வெட்டுப்பட்டது. முகத்தை வைத்தே சிரிக்கவைக்கத் தெரிந்த ஜாக்கி தப்பித்தார்.

அடுத்து விசிடி. ஒரு தட்டில் 74 நிமிடம், அதனால் எந்தப் படமும் இரண்டு தட்டு. சண்டை நடுவில் எழுந்து போய்த் தட்டை மாற்றவேண்டும். ஹாங்காங்கில் அச்சான தட்டுகளில் இடது பக்கம் கான்டனீஸ், வலது பக்கம் மாண்டரின் என்று பதிந்திருப்பார்கள். அது தெரியாமல் போட்டால் இரண்டு ஸ்பீக்கரிலும் இரண்டு மொழி ஒரே நேரத்தில் பேசும். பர்மா பஜாரில் வாங்கிவந்து அப்படியே பார்த்தவர்கள் இருக்கிறார்கள். விசிடிக்குப் பகுதிப் பூட்டு கிடையாது, எந்த ஊரிலும் ஓடும். அதன் செல்வாக்குக்கு அதுவும் ஒரு காரணம். 2004இல் தமிழ்நாட்டில் வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்தில் சேர்த்தார்கள். புதுத் தமிழ்ப்படம் வைத்திருந்தவர் பயந்தார். சீனப் படத்துக்குப் புகார் கொடுக்க இங்கே எந்தத் தயாரிப்பாளர் இருந்தார்?

இந்தக் காலம் முழுக்க ஷா பிரதர்ஸ் தங்கள் சொந்தப் படங்களைப் பெரும்பாலும் வீடியோவில் விடாமல் கிடங்கில் பூட்டி வைத்திருந்தார்கள். வெளியே திரிந்தவை தேய்ந்த பிரதிகள், திருட்டுப் பிரதிகள். செலஸ்டியல் நிறுவனம் அந்த 760 படங்களை வாங்கிச் செப்பனிட்டு 2002 இறுதியில்தான் தட்டுகளாகக் கொண்டுவரத் தொடங்கியது. அப்போதும் பல படங்களின் ஒலியில் புது ஓசைகளை ஒட்டி மூலத்தைக் கெடுத்தார்கள் என்பது வேறு வருத்தம். 'ஸ்பிரிச்சுவல் பாக்ஸர்' வெளிச்சத்துக்கு வருவதற்குள் வரலாறு எழுதி முடிந்திருந்தது. 1978 தொடக்க ஆண்டாகியிருந்தது.

கிடங்கிலிருந்து வந்தவற்றில் இரண்டைச் சொல்லியாக வேண்டும். 1979இன் 'டர்ட்டி ஹோ'வில் மாறுவேட இளவரசன் கோர்டன் லியூ, தனக்குச் சண்டை தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளாமல் சண்டை போடுகிறான். ஒயின் ருசி பார்க்கும் உபசாரத்துக்கு நடுவே கோப்பைக்கு அடியில் கொலை முயற்சி நடக்கிறது. இருவர் முகத்திலும் மரியாதைப் புன்னகை. இன்னொரு காட்சியில் காரா ஹுய்யைப் பின்னாலிருந்து இயக்கி, அவள்தான் வித்தைக்காரி என்று திருடனை நம்பவைக்கிறான். தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் பார்த்து வளர்ந்த கண் இதை உடனே பிடித்துக்கொள்ளும்.

மற்றது 1980இன் 'ரிட்டர்ன் டு தி 36த் சேம்பர்'. நம் ஊர்த் தியேட்டர்களில் திரும்பத் திரும்ப ஓடிய '36 சேம்பர் ஆஃப் ஷாவ்லின்' படத்தின் பெயரில் வந்த, அதைவிட நல்ல படம். முதல் படத்தில் மகா துறவியாக நடித்த அதே கோர்டன் லியூ, இதில் அந்தத் துறவியாக வேஷம் போடும் ஏமாற்றுக்காரன். ஏன் போடுகிறான்? சாயப்பட்டறையில் முதலாளி மஞ்சூக்காரர்களை வேலைக்கு வைத்துக்கொண்டு தொழிலாளர் கூலியைக் குறைக்கிறான். மிரட்ட ஒரு ஷாவ்லின் துறவி வேண்டும். வேஷம் கலைந்து உதை வாங்கியபின் அவன் நிஜமாகவே கோயிலுக்குப் போகிறான். சேர்க்க மாட்டேன் என்கிறார்கள். மராமத்துக்குச் சாரம் கட்டு என்கிறார்கள். மூங்கிலையும் கயிற்றையும் வைத்து மாதக்கணக்கில் கட்டுகிறான். மேலேயிருந்து முற்றத்துப் பயிற்சியை எட்டிப் பார்க்கிறான். எதுவும் கற்கவில்லை என்ற வருத்தத்தோடு ஊர் திரும்பி, கை தூக்கும்போதுதான் தெரிகிறது: மூங்கில் வளைத்ததும் முடிச்சுப் போட்டதும் வித்தையாகியிருக்கின்றன. எதிரிகளைக் கட்டியே வீழ்த்துகிறான். பழிவாங்கல் இல்லை, சாவு இல்லை. கேட்பது பிடித்த கூலி. மில் சங்கும் விசைத்தறிச் சத்தமும் கேட்டு விழித்த ராஜபாளையம் வட்டாரத்தில் இந்தப் படம் கொண்டாடப்படாமல் போனது எனக்கு இன்றும் ஆறாத குறை.

தமிழ் சினிமா எடுத்துக்கொண்டது எதை? 2008இல் 'தசாவதாரம்' பாடல் வெளியீட்டுக்கு ஜாக்கியைச் சென்னைக்கு அழைத்தோம். 2010இல் 'எந்திரன்' சண்டைக்கு யுவான் வூ-பிங்கையே வரவழைத்தோம். 2011இல் '7ஆம் அறிவு' வந்து, குங்ஃபூவே காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொடுத்தது என்று மார்தட்டக் கற்றுக்கொடுத்தது. போதிதர்மரோடு அந்த வித்தையை முடிச்சுப்போடும் நூல் 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதல்ல என்று சீன ஆய்வாளர் தாங் ஹாவ் 1930களிலேயே காட்டிவிட்டார். அதை விடுங்கள். லாவ் கார்-லியுங் தன் அசல் வம்சாவளியையே கேலிக்கு உட்படுத்தியபோது, நாம் இல்லாத வம்சாவளிக்குப் பட்டயம் எழுதிக்கொண்டிருந்தோம். 2012இன் 'முகமூடி'யில் மிஷ்கினுக்குக் குங்ஃபூ மேல் இருந்த காதல் நிஜம், சிரிப்புதான் இல்லை. நம்மிடம் அடிக்கிறவன் ஒருவன், அடிவாங்கிச் சிரிக்கவைக்கிறவன் வேறொருவன். 2003இன் 'வின்னர்' படத்துக் கைப்புள்ளையிடம் அடிவாங்கும் கலை முழுசாக இருந்தது. திருப்பி அடிக்கும் கலையைக் கதாநாயகனுக்கு ஒதுக்கிவிட்டோம். இந்த இரண்டையும் ஒரே உடம்பில் வைத்ததுதான் ஹாங்காங்காரர்கள் செய்த வேலை.

ஆரோ நிறுவனம் 2021இலும் 2022இலும் வெளியிட்ட 'ஷாஸ்கோப்' பெட்டிகளில் 'டர்ட்டி ஹோ'வும் சாரம் கட்டுகிறவனும் முழு அகலத்தில் இருக்கிறார்கள். 'ஸ்பிரிச்சுவல் பாக்ஸர்' அந்த இரண்டிலும் இல்லை. தட்டுகள் ஏ, பி பகுதிகளுக்கானவை. இந்தியா சி பகுதி, இங்கே விற்கும் ப்ளூ-ரே கருவியில் ஓடாது. துணைத்தலைப்பு ஆங்கிலம் மட்டும். திரைப்படச் சங்கங்கள் ஜாக்கி வாரம் கொண்டாடுவதை ஒரு வருடம் தள்ளிவைத்துவிட்டு, இவற்றில் ஒன்றிரண்டுக்கு உரிமை கேட்டுத் தமிழில் டப்பிங் செய்யலாம். முதலில் சாயப்பட்டறைப் படம். குரல் கொடுக்கிறவர்கள் மதுரைக்குத் தெற்கே பிறந்தவர்களாக இருக்கட்டும். கூலி கேட்கிற இடங்களில் எழுதிக்கொடுத்த வசனம் அவர்களுக்குத் தேவைப்படாது.