சிறார்க்கு ஏற்ற பௌதிக நூல்

வீட்டிலிருந்தே பிள்ளைக்குப் பௌதிகம் பயிற்ற விழையும் கொட்டாஞ்சேனைப் பெற்றோர், நூலின் விலையை நோக்குமளவிற்கு அதன் சொற்களை நோக்குவதில்லை. தமிழகத்து நூல் ‘முடுக்கம்’, ‘அழுத்தம்’, ‘ஒளிவிலகல்’ என்பனவற்றை, இலங்கைப் பாடநூல் ‘ஆர்முடுகல்’, ‘அமுக்கம்’, ‘ஒளிமுறிவு’ என வழங்கும். இரு பெயர் கேட்ட பிள்ளை பொருளும் இரண்டென மயங்கும். ஆயினும் இது தீராத குறையன்று. ஓரத்திற் பென்சிலால் நம் வழக்கை எழுதிக் கொடுத்தாற் போதும்.

தீராத குறை, விடையை முன்வைத்து வினாவை மறப்பதாம். அக்குறையில்லாதது, யா. பெரெல்மான் 1913இல் உருசிய மொழியில் வெளியிட்டுப் பின்னர் தமிழிலும் வந்த ‘பொழுதுபோக்குப் பௌதிகம்’. கடதாசிக் கிண்ணத்தில் நீரைக் கொதிக்க வைக்கலாமோ? வைக்கலாம். கொதிக்கும் நீர் 100 பாகை செல்சியசைக் கடவாதாகலின், கடதாசி தீப்பற்றும் வெப்பநிலையை எய்தாது. (பெரியோர் அருகிருந்தே செய்தல் வேண்டும்.)

எனினும் அந்நூல் சிறு பிள்ளைகள் தாமே படித்தற்குரியதன்று. எடுத்துக்காட்டுகளும் பல பனிநாட்டவை. மயிர்ச்சட்டை உடலைச் சூடாக்குமோ என்று அது வினவும். கொழும்பிற் பிறந்த பிள்ளை அச்சட்டையை எங்கே கண்டது? படித்துக் காட்டுவோர் அவ்விடத்திற் பிள்ளையைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கு அழைத்துச் செல்லலாம். நிழலில் நிற்கும் கருங்கற்றூணும் அருகிலுள்ள மரக்கதவும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையின. தொட்டாலோ தூணே குளிரும். கையின் வெப்பத்தைக் கல் விரைந்து கடத்துகின்றது. மரம் அவ்வாறு கடத்துவதில்லை.